கிளினிக்கில் மாறியதைக் குடும்ப டொக்டரிடம் சேர்ப்பது எப்படி

கொழும்பில் சீனியும் பிரஷரும் உள்ள ஒருவருடைய உடம்பின் கணக்கு ஒரே இடத்தில் இருப்பதில்லை. தேசிய வைத்தியசாலையின் கிளினிக் கொப்பியில் பாதி இருக்கும். சனல் பண்ணிப் பார்த்த விசேட வைத்தியரின் மருந்துத் துண்டில் கொஞ்சம் இருக்கும். வெறும் வயிற்றோடு போய் இரத்தம் கொடுத்த ஆய்வுகூடத்தின் கணினியில் மீதி கிடக்கும். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ வீட்டுக்குப் பக்கத்தில் டிஸ்பென்சரி வைத்திருக்கும் குடும்ப டொக்டருக்கு இவற்றில் எதுவும் தானாகப் போவதில்லை. நம் நாட்டில் யாருடைய கடிதமும் இல்லாமல் நேரே விசேட வைத்தியரைப் பார்க்கலாம். அது பெரிய வசதிதான். ஆனால் கடிதம் கொடுத்து அனுப்பியவர் என்று ஒருவர் இல்லாதபோது, பார்த்து முடித்தவர் பதில் எழுதவும் ஆள் இல்லை. அந்தத் தபால்காரர் வேலை நோயாளிக்கும் அவரைக் கூட்டிக்கொண்டு அலையும் பிள்ளைகளுக்கும்தான் வருகிறது. அதை ஒழுங்காகச் செய்வது எப்படி என்பதே இங்கே.

முதலில், எதைச் சொல்வது

ஒரு சொப்பிங் பை நிறைய ரிப்போர்ட்டுகளைக் கொண்டுபோய் மேசையில் கொட்டுவது தகவல் கொடுப்பதாகாது. மாலை ஐந்து மணிக்கு வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது எந்த டொக்டராலும் பத்து வருடத் தாள்களைப் புரட்ட முடியாது. அவருக்கு வேண்டியது போன முறை அவர் பார்த்ததற்கும் இன்றைக்கும் இடையில் என்ன மாறியது என்பது மட்டுமே.

மருந்து மாற்றம்தான் முதலாவது. புதிதாகத் தொடங்கியது, நிறுத்தியது, அளவு கூட்டியது, குறைத்தது நான்கும் இதில் அடங்கும். நிறுத்தியதைச் சொல்லத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கிளினிக்கில் நிறுத்திய குளிசையை டிஸ்பென்சரியில் பழைய அட்டையைப் பார்த்து மறுபடி கொடுத்துவிடுவது இப்படித்தான் நடக்கிறது. அடுத்தது எண் மாற்றம். ரிப்போர்ட்டில் பக்கத்தில் எச் (கூட) அல்லது எல் (குறைவு) என்று போட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்காமல், போன எண்ணிலிருந்து எவ்வளவு நகர்ந்தது என்று பாருங்கள். பிறகு வைத்தியசாலையில் தங்கியது, புதிதாகப் பெயர் சூட்டப்பட்ட வருத்தம், ஒரு மருந்துக்கு உடம்பு தடித்தது அல்லது மூச்சு முட்டியது, புதிய அறிகுறி. ஆயுர்வேத, சித்த மருந்தும் இதில் சேரும். டொக்டர் ஏசுவார் என்று அதை மறைப்பவர்கள் பலர். ஏச்சு வாங்கினாலும் சொல்லிவிடுங்கள். ஈரல், சிறுநீரக எண்கள் ஏறும்போது காரணம் தேடுபவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இந்த எண்களில் சிலவற்றுக்குத் தனிக் கணக்கு உண்டு. எச்பிஏ1சி இரத்தச் சீனியின் ஏறக்குறைய மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. ஆகவே மாதாமாதம் எடுப்பதில் பயன் குறைவு. 0.5 அளவு நகர்ந்தால்தான் அதை உண்மையான மாற்றமாக எடுக்கலாம். இரத்தம் ஏற்றியிருந்தாலோ இரும்புச்சத்துக் குறைவு, தலசீமியா இருந்தாலோ அந்த எண்ணை அப்படியே நம்ப முடியாது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தைரொயிட் குளிசையான தைரொக்சினின் அளவு மாறினால், தைரொயிட் சோதனையான டிஎஸ்எச் நிலைபெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டு வாரத்தில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுபோனால் எல்லோரும் குழம்புவார்கள். முழங்காலுக்கோ நெஞ்சு இழுப்புக்கோ பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட் மருந்து கொடுத்திருந்தால் சீனி ஓரிரு நாளிலேயே ஏறும். அதுவும் மத்தியானத்துக்குப் பிறகுதான் கூட ஏறும். காலை வெறும் வயிற்று எண் நல்லபடியாக இருக்கிறது என்று ஏமாறாமல், மத்தியானச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரத்தில் ஒரு முறை குத்திப் பார்த்து அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

அலகைப் பாருங்கள், பிறகு எண்ணை

கொழும்பில் ஒரு ஆய்வுகூடம் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினினை டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் தரும், அடுத்த தெருவில் உள்ளது லீற்றருக்கு மைக்ரோமோலில் தரும். இதனால் வரும் குழப்பத்தை ஓர் உதாரணத்தில் பார்ப்போம். எழுபது வயது அப்பா. மார்ச் மாத ரிப்போர்ட்டில் கிரியேட்டினின் 0.9. இப்போது வேறு இடத்தில் எடுத்த ரிப்போர்ட்டில் 104. வீட்டில் ஒருவர் பதறிப்போகிறார். இன்னொருவர் பக்கத்தில் எச் என்று எதுவும் இல்லை, நோமல்தான் என்று தாளை மடித்து வைக்கிறார். இரண்டுமே தவறு. மைக்ரோமோலை 88.4ஆல் வகுத்தால் மில்லிகிராம் வரும். 104 என்பது 1.18. ஆணுக்கான வழக்கமான எல்லைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அவருடைய சொந்த எண்ணிலிருந்து முப்பது வீதம் ஏறியிருக்கிறது. சிறுநீரகம் வடிகட்டும் வேகமான ஈஜிஎஃப்ஆர் அவர் வயதுக்கு ஏறக்குறைய 92இலிருந்து 66க்கு இறங்கியிருக்கிறது. ரிப்போர்ட் தாள் இதைச் சொல்லாது. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே அலகில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால்தான் டொக்டரின் கண் அதில் நிற்கும்.

சீனிக்கு, மில்லிமோலை 18ஆல் பெருக்கினால் மில்லிகிராம்: 7 என்பது 126. கொலஸ்ட்ரோலுக்கு 38.7ஆல் பெருக்க வேண்டும். இந்த மூன்று கணக்கும் போதும். முடிந்தால் ஒரே ஆய்வுகூடத்திலேயே தொடர்ந்து எடுங்கள். இயந்திரமும் முறையும் மாறினால் எண்ணும் சற்று மாறும், அது உடம்பின் மாற்றமா இயந்திரத்தின் மாற்றமா என்று பிரித்தறிவது கடினம்.

ரிப்போர்ட்டில் இரண்டு திகதிகள் இருக்கும்: இரத்தம் எடுத்தது, ரிப்போர்ட் அச்சிட்டது. நமக்கு வேண்டியது எடுத்த திகதியும் நேரமும். பொட்டாசியம் எதிர்பாராமல் உயர்ந்திருந்தால் மாதிரி சிதைந்திருந்தது என்ற குறிப்பு தாளின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஊசி போடும்போது கையை இறுக்கி இறுக்கிப் பொத்தினாலும், குழாயில் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும். அந்தக் குறிப்போடு சொன்னால் டொக்டர் அன்றே திரும்ப எடுக்கச் சொல்வார்.

இன்னொரு சிறிய வேலை, ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஆய்வுகூடக் கவுண்டரில் பதியும்போது எந்த டொக்டர் என்று கேட்பார்கள். நாமாகவே வந்தோம் என்று சொல்லிவிட்டால் ரிப்போர்ட்டில் அந்த வரி வெறுமையாகவோ சுயமாக என்றோ வரும். ஆபத்தான எண் ஒன்று வந்தால் ஆய்வுகூடம் யாரை அழைப்பது? குடும்ப டொக்டரின் பெயரையும் டிஸ்பென்சரித் தொலைபேசி எண்ணையும் கொடுங்கள். அவருடைய அனுமதியை முன்பே ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைத்தொலைபேசி எண்ணையும் கொடுத்து, பதிந்த எண் சரியா என்று பற்றுச்சீட்டில் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள்.

ஒரு பக்கத் தாள்

ஏ4 தாள் ஒன்று, அல்லது கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் ஒட்டிய ஒரு பக்கம். மேலே முழுப்பெயர், பிறந்த திகதி, மருந்து ஒவ்வாமை. ஒவ்வாமை இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள், வெற்றிடம் என்றால் யாரும் கேட்கவில்லை என்றுதான் பொருள். அதன் கீழே மருந்துகள்: மருந்தின் மூலப்பெயர், மில்லிகிராம், எத்தனை வேளை, யார் எழுதியது, எப்போது தொடங்கியது. மூலப்பெயர் முக்கியம். குளுக்கோபாஜ் என்பதும் மெட்போமின் என்பதும் ஒரே மருந்து. கிளினிக்கில் ஒரு பெயரிலும் வெளிப் பாமசியில் இன்னொரு பெயரிலும் வாங்கி இரண்டையும் விழுங்குபவர்கள் இருக்கிறார்கள். அட்டையின் பின்புறம் வெள்ளிப் படலத்தில் சிறிய எழுத்தில் இருப்பதுதான் மூலப்பெயர். கடைசிக் குளிசை வரைக்கும் அந்தப் பகுதியைக் கத்தரித்து எறியாதீர்கள்.

டிஸ்பென்சரியில் தரும் சிறிய காகித உறைகளில் பல நேரம் எத்தனை வேளை என்பதற்கான கோடுகள் மட்டும் இருக்கும், மருந்தின் பெயர் இருக்காது. வாங்கும்போதே, “டொக்டர், இதன் பெயரை உறையில் எழுதித் தருவீர்களா, கிளினிக்கில் காட்ட வேணும்” என்று கேளுங்கள். காரணத்தோடு கேட்டால் மறுக்க மாட்டார்கள். வெள்ளைக் குளிசை, மஞ்சள் குளிசை என்று விசேட வைத்தியரிடம் சொல்வதால் ஒரு பயனும் இல்லை.

தாளின் கீழ்ப்பாதி எண்களுக்கு. சீனி, எச்பிஏ1சி, கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், கொலஸ்ட்ரோல் என்று அவருக்கு வேண்டியவற்றை மட்டும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடைசி மூன்று எண்களைத் திகதியோடு இடமிருந்து வலமாகப் போடுங்கள். மூன்று போதும், போக்கு தெரியும். தாளின் மேல் மூலையில் இன்றைய திகதி. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதிய தாள் எழுதி, பழையதைக் குறுக்கே கோடு போட்டு பைலின் பின்னால் வையுங்கள். இரண்டு தாள்கள் ஒரே நேரத்தில் புழங்கினால் ஒரு தாளும் இல்லாததை விட மோசம்.

வீட்டில் எடுக்கும் பிரஷரை ஒழுங்காக எடுத்தால் அது கிளினிக் எண்ணை விடப் பெறுமதி. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, முதுகு சாய்த்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இரண்டிரண்டு தரம், ஏழு நாள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியைக் கொடுங்கள். வீட்டுச் சராசரிக்கு எல்லை 135க்கு 85. ஐம்பது எண்களைப் பட்டியலாகக் கொடுப்பதை விட அந்த ஒரு சராசரியும் ஆகக் கூடியதும் ஆகக் குறைந்ததும் போதும்.

நான்கு வரிச் செய்தி

டொக்டரை உடனே பார்க்க முடியாதபோது செய்தி அனுப்ப நேரிடும். குரல் பதிவு அனுப்பாதீர்கள். அவர் நோயாளிகளுக்கு நடுவில் அதைக் கேட்க முடியாது, கேட்டாலும் எண் மனதில் நிற்காது. நான்கு வரிகள் போதும்: என்ன மாறியது, ஏற்கெனவே என்ன மருந்துகள், எண்களும் அறிகுறியும், நம்முடைய கேள்வி. மேலே சொன்ன அப்பாவைப் பற்றி எழுதினால் இப்படி வரும்:

டொக்டர், இது எழுபது வயது அப்பாவைப் பற்றி, உங்களிடம் பிரஷருக்கு வருபவர். முழங்கால் வலிக்கு எலும்பு வைத்தியர் 10 நாளுக்கு முன் டைக்குளோபினாக் 50 மி.கி. இரண்டு வேளை தொடங்கினார்.
ஏற்கெனவே எடுப்பவை: லொசார்ட்டன் 50 மி.கி., ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மி.கி., மெட்போமின் 500 மி.கி. இரண்டு வேளை.
கிரியேட்டினின் மார்ச்சில் 0.9, நேற்றுக் காலை 1.18. பொட்டாசியம் 4.4இலிருந்து 5.3. இரண்டு நாளாகக் கால் வீக்கம். சிறுநீர் போகிறது, மூச்சு முட்டவில்லை.
டைக்குளோபினாக்கை நிறுத்தவா? இரத்தம் திரும்ப எப்போது எடுக்க?

இதில் எலும்பு வைத்தியர் பிழை செய்தார் என்று யாரும் சொல்லவில்லை. பிரஷர் மருந்துகள் அவருக்குக் காட்டப்பட்டிருக்காது. லொசார்ட்டனும் நீர் போக்கும் குளிசையான ஹைட்ரோகுளோரோதயசைட்டும் எடுப்பவருக்கு டைக்குளோபினாக் வகை வலி மருந்து சேர்ந்தால் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த அழுத்தம் மூன்று பக்கத்தாலும் குறைகிறது. கிரியேட்டினினும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறுவது அதனால்தான். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சாதாரண மருந்துகள். சேர்த்துப் பார்க்கும் கண் குடும்ப டொக்டருடையதாகத்தான் இருக்க முடியும், அவருக்குத் தகவல் கிடைத்தால்.

அதே அப்பாவுக்கு வயிற்றோட்டமோ வாந்தியோ வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும். உடம்பில் நீர் வற்றிய நிலையில் லொசார்ட்டன், நீர்க் குளிசை, மெட்போமின் மூன்றையும் சில நாள் நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். நீங்களாக நிறுத்த வேண்டாம், கேட்டு நிறுத்துங்கள். சோர்வுக்கு நல்லது என்று செவ்விளநீர் கொடுப்பதற்கு முன்னும் கேளுங்கள். அதில் பொட்டாசியம் அதிகம்.

ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினால் தாளை மேசையில் தட்டையாக வைத்து, பகல் வெளிச்சத்தில், பெயரும் எடுத்த திகதியும் நான்கு மூலைகளும் தெரியும்படி எடுங்கள். எண் உள்ள பகுதியை மட்டும் வெட்டி அனுப்பினால் அது யாருடையது, எப்போதையது என்று டொக்டருக்குத் தெரியாது. அனுப்பியதோடு வேலை முடியவில்லை. மாலைக்குள் பதில் இல்லை என்றால் டிஸ்பென்சரிக்கு அழையுங்கள், அல்லது நேரே போங்கள். அவர் பார்த்துவிட்டார் என்று நாமாக நினைத்துக்கொள்வதுதான் இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய பிழை. செய்தி அனுப்பியே இலவசமாக வைத்தியம் முடித்துக்கொள்வதும் முறையல்ல. மருந்து மாற வேண்டிய விஷயம் என்றால் போய் இருந்து, கட்டணம் கொடுத்து, உடம்பைக் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாதவை

பொட்டாசியம் 6 அல்லது அதற்கு மேல், சோடியம் 125க்குக் கீழே, ஹீமோகுளோபின் 7க்குக் கீழே, சீனி (மில்லிகிராமில்) 54க்குக் கீழே, அல்லது 300க்கு மேல் வாந்தியோடு: இவை வட்ஸ்அப் விஷயங்கள் அல்ல. டொக்டர் உடனே கிடைக்காவிட்டால் ரிப்போர்ட்டோடு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் எடுப்பவர்களுக்கு, உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண்ணின் வழக்கமான இலக்கு 2 முதல் 3 வரை, செயற்கை வால்வு உள்ள சிலருக்குச் சற்று அதிகம். 5ஐத் தாண்டினாலோ, எண் என்னவாக இருந்தாலும் முரசிலோ சிறுநீரிலோ இரத்தம் கண்டாலோ அன்றே. வோபரின் எடுப்பவருக்கு யாராவது மெட்ரோனிடசோல், கோட்ரைமொக்சசோல் போன்ற அன்டிபயோட்டிக் எழுதினால், குளிசை தொடங்கும் அன்றே குடும்ப டொக்டருக்குச் சொல்லி, மூன்று முதல் ஐந்து நாளுக்குள் ஐஎன்ஆர் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். இருதய பலவீனம் உள்ளவருக்கு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது கொழுப்பல்ல, நீர். நெஞ்சு வலி, வாய் கோணுதல், கை கால் விழுதல், மூச்சு முட்டல் என்றால் 1990. சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. டொக்டருக்குப் பிறகு சொல்லலாம்.

மழைக்காலத்துக் காய்ச்சலுக்குத் தனியாக ஒரு வார்த்தை. டெங்கு சந்தேகத்தில் எஃப்பிசி என்ற இரத்த அணு எண்ணிக்கைச் சோதனை எடுக்கும்போது பிளேட்லெட் எண்ணை மட்டும் சொல்வது எல்லோருடைய பழக்கம். டொக்டருக்குக் காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பதும், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் பிசிவி எவ்வளவு என்பதும், இரத்தம் எடுத்த மணியும் அதே அளவு தேவை. பிளேட்லெட் இறங்கும்போது பிசிவி ஏறினால் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிகிறது என்று பொருள், ஆபத்து அங்கேதான். பிளேட்லெட் ஒரு இலட்சத்துக்குக் கீழே வந்தால் வைத்தியசாலை. கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எவ்வளவு குடித்தார் என்பதையும் எழுதுங்கள். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். வலிக்கு என்று டைக்குளோபினாக், ஐபுபுரொபன் கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

துண்டு வெட்டும் நாளில்

வோர்ட்டிலிருந்து துண்டு வெட்டும்போது எல்லோருக்கும் வீட்டுக்குப் போகும் அவசரம். டயக்னோசிஸ் கார்டைக் கையில் வாங்கியதும் வாசலில் நின்று பத்து நிமிடம் வாசியுங்கள். புரியாத எழுத்தை வோர்ட் டொக்டரிடமோ மிஸ்ஸிடமோ அங்கேயே கேட்பது சுலபம், அடுத்த நாள் தொலைபேசியில் கேட்பது பெரும்பாடு. மூன்று கேள்விகள் கேளுங்கள். வீட்டில் எடுத்த மருந்துகளில் எதை நிறுத்தினீர்கள்? எந்த ரிப்போர்ட் இன்னும் வரவில்லை, எப்போது, எந்தக் கவுண்டரில் வரும்? குடும்ப டொக்டர் எதை, எத்தனை நாளில் திரும்பப் பார்க்க வேண்டும்?

இரண்டாவது கேள்விதான் அதிகம் தவறிப்போவது. இரத்தத்தில் கிருமி வளர்க்கும் சோதனைக்கு ஐந்து நாள் வரை போகலாம், திசுப் பரிசோதனைக்கு வாரங்கள் ஆகலாம். கார்ட் எழுதப்படும்போது அவை இருக்காது. யாரும் போய் எடுக்காத ரிப்போர்ட் அங்கேயே கிடக்கும், புற்றுநோய் என்று எழுதியிருந்தாலும். வர வேண்டிய திகதியைக் கைத்தொலைபேசி நாட்காட்டியில் போட்டு, எடுக்கும் பொறுப்பை வீட்டில் ஒருவருடைய பெயருக்கு எழுதி வையுங்கள்.

கார்டின் பிரதி ஒன்றை ஒரு வாரத்துக்குள் குடும்ப டொக்டரிடம் கொடுங்கள். மூலப் பிரதி உங்களிடம்தான் இருக்க வேண்டும். டிஸ்பென்சரியில் கொடுத்துவிட்டு வந்த மூலப் பிரதிகள் திரும்பிக் கிடைப்பது அரிது.

தகவல் மறுபக்கமும் போக வேண்டும். குடும்ப டொக்டர் ஒரு குளிசையை மாற்றினால் கிளினிக் கொப்பியின் அடுத்த வெற்றுப் பக்கத்தில் திகதி போட்டு இரண்டு வரி எழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக் நாளில், சில நேரம் மொழி தெரியாத ஒரு புதிய டொக்டர் முன்னால் அம்மா தனியாக இருப்பார். அவர் வாய் திறக்காவிட்டாலும் அந்த இரண்டு வரியை டொக்டர் வாசிப்பார்.